ஊசி போட்டவர்கள் உட்காரும் பெஞ்சு

வலி போய்விட்டது. பதினோரு நாளாகக் கூடவே படுத்து, கூடவே எழுந்து, பஸ்ஸில் ஏறினால் கூடவே ஏறி, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் மேஜையிலும் காதுக்குள் நின்று இடித்துக்கொண்டே இருந்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. வசந்தாமணியால் நம்ப முடியவில்லை. நாக்கை நீட்டி இடது பக்கம் கீழே கடைசிப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது பல்லா பக்கத்து வீட்டுச் சுவரா என்று தெரியவில்லை. நாக்கே பாதிதான் அவளுடையதாக இருந்தது. கீழுதடு இட்லித் தடிமனுக்கு வீங்கியதுபோல் இருந்தது. தடவினால் வீக்கம் ஒன்றுமில்லை, விரலுக்கு உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. கம்பெனிக் கார்டுக்கு வைத்தியம் பார்க்கும் இந்தக் காப்பீட்டு ஆஸ்பத்திரியில் பல்லுக்கு இதுதான் முறை. ஏழெட்டுப் பேரை வரிசையாக உள்ளே கூப்பிட்டு, ஒருவர் பின் ஒருவராக வாயைத் திறக்கச் சொல்லி ஊசியைக் குத்தி, வெளியே வராந்தாவில் கிடக்கும் பச்சை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். அரை மணி நேரத்துக்குள் மரத்துவிடும். நர்ஸம்மா வந்து மரத்துருச்சா, மரத்துருச்சா என்று கேட்டுக்கொண்டே போவாள். மரத்தவர் உள்ளே போய்ப் பல்லைக் கொடுத்துவிட்டுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். இப்போது பெஞ்சில் ஆறு பேர். ஆறு பேரும் வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணியும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். வலி இருந்தவரைக்கும் வலியைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடிந்ததில்லை. இப்போது அது எழுந்துபோன இடத்தில் கோபம் வந்து சாவகாசமாக உட்கார்ந்தது.

அந்தப் பெண் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரெஜினா என்று வெள்ளைக் கோட்டில் பெயர் குத்தியிருந்தது, பயிற்சிக்கு வந்திருக்கும் சின்ன டாக்டர், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதிருக்கும். ஊசியை ஈறுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே காதோரம் குனிந்து, மூச்சுக்காற்றில் சொல்வதுபோல் சொன்னாள். "அக்கா, இது நல்ல பல்லுக்கா. உள்ள நரம்புதான் கெட்டிருக்கு. ரூட் கேனல் பண்ணினா இன்னும் இருபது வருசம் நிக்கும். இங்க அது இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் வாங்கிட்டுப் போனீங்கன்னா இதே கார்டுக்குப் பண்ணித் தருவாங்க. கேட்டா குடுக்கணும். யாரும் கேக்கறதில்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." இதைச் சொல்ல நேரம் பார்த்தாளே. வாய்க்குள் ஊசி இருக்கிறது, கடைவாயில் எச்சில் உறிஞ்சும் குழாய் தொங்குகிறது, இவள் என்ன பதில் சொல்வாள்? ஆங் என்றாள். அதற்கு வலிக்கிறது என்றும் அர்த்தம், அப்படியா என்றும் அர்த்தம், அடிப்பாவி இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்றும் அர்த்தம். ரெஜினா எந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டாளோ, ஊசியை உருவிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். தெரியாமல் இருந்திருந்தால் இந்நேரம் வசந்தாமணி சொத்தைப்பல் போகிறது, சனியன் விட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். இப்போது போகப்போவது நல்ல பல் என்று தெரிந்துவிட்டது. நல்லது என்று தெரிந்த பிறகு அதைக் கொடுத்துவிட்டு வருவது எப்படி? இருபது வருசம். இருபது வருசம் கழித்து இவளுக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கொய்யாக்காயைக் கடிப்பதை நினைத்துப் பார்த்தாள். கொய்யாக்காயைக் கடித்தே இரண்டு வருசம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

யாரும் கேட்பதில்லையாம். எப்படிக் கேட்பார்கள்? வலி உயிர் போகும்போது ஒருத்தன் குறடு எடுத்துக்கொண்டு வந்து பிடுங்கட்டுமா என்றால் எவனும் பிடுங்கு சாமி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றுதான் சொல்வான். இவளும் காலையில் அப்படித்தான் சொன்னாள். சீட்டுப் போடும் இடத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். கண்ணில் தண்ணீர் தளும்பி எழுத்தெல்லாம் மிதந்துகொண்டிருந்தது, போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் மேலே இருந்த வரி தெரிந்தது. என் முழு விருப்பத்தின் பேரில் பல்லை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். முழு விருப்பமாம்! என்ன விருப்பம் இது? கல்யாண மண்டபத்தில் பாயசம் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டால் அது விருப்பம். பதினோரு ராத்திரி தூங்காதவளிடம் தாளை நீட்டி விருப்பமா என்று கேட்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்லக்கூடாது. சரி, சொல்லக்கூடாதுதான், ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும், அதை நினைக்கும்போது கோபம் தன் பக்கமே திரும்பிக் கடித்தது. பிடுங்கிவிட்டால் அவளுக்கும் சௌகரியம்தான். ஒரு நாள் லீவோடு போயிற்று. ரூட் கேனல் என்றால் நான்கு முறை ஐந்து முறை போக வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஐந்து நாள் லீவு என்று சூப்பர்வைசர் ஜெயபாலிடம் கேட்டால் "ஏனுங்க்கா, பல்லுக்கா? பிரசவத்துக்கே அத்தன நாள் எடுக்கமாட்டீங்க போல இருக்குது" என்பான். மேஜையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வாயை மூடிக்கொண்டு. ஏற்றுமதிக்கு அனுப்பும் பனியனில் ஒரு பிசிறு தொங்கினால் பெட்டியோடு திரும்பி வந்துவிடும் என்று ஐந்து பேர் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அவள் வாய்க்குள் பார்ப்பதற்கு மட்டும் ஆள் இல்லை, நேரம் இல்லை, சாமான் இல்லை.

"மரத்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு நர்ஸம்மா வந்தாள். பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் எழுந்து போனார். இவள் முறை இன்னும் இரண்டு பேருக்குப் பிறகு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தறி ஓட்டுகிறவர், நாச்சிமுத்து என்று சீட்டைக் கூப்பிட்டபோது கேட்டது, அறுபது வயதுக்கு மேல். "இது எனக்கு ஏழாவதுங் அம்மிணி," என்றார், ஏழாவது பேரன் பிறந்ததைச் சொல்வதுபோல. "மொதல்ல பயமாத்தான் இருக்கும். ரெண்டு மூணு போச்சுன்னா பழகிரும். பல்லு இருக்கறவன் பக்கோடா திங்கறான், நமக்கெதுக்குங் அந்தப் பொல்லாப்பு?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கன்னம் உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது வசந்தாமணிக்கு. இதில் என்ன சிரிப்பு? ஆறு பல்லைக் கொடுத்துவிட்டு ஏழாவதுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு இன்னும் அவர்களுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிறாரே இந்த மனுசன். ஆனால் அவளும் போன தடவை, ஏழு இல்லாவிட்டாலும், இரண்டைக் கொடுத்துவிட்டு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அதிலும் ஒன்றை வீணாகக் கொடுத்தாள்.

அதை நினைக்கக்கூடாது என்று இரண்டு வருசமாக வைத்திருக்கிறாள். நினைத்தால் நெஞ்சு எரிகிறது. அப்போது வலித்தது வலது பக்கம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நான்கு மணி நேரம் உட்கார வேண்டுமே, வலியோடு எப்படி உட்காருவது, நாலு பேருக்கு நடுவில் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று, காலையில் மெடிக்கலில் சொல்லி இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். அதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டு டாக்டர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். வலிக்குதா? இல்லை. இது? இல்லை. இது? இல்லை. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுக்கிற மிஷின் ரிப்பேர், அதன்மேல் யாரோ துண்டை உலர்த்தியிருந்தார்கள். "எந்தப் பல்லும்மா, சீக்கிரம் சொல்லு, பின்னாடி முப்பது பேர் நிக்கறாங்க," என்றார் டாக்டர். வசந்தாமணி ராத்திரி வலித்ததை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கன்னம், காது, நெற்றிப்பொட்டு, எல்லாம் சேர்ந்து வலித்தது. மேலேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மேல் பல்லைக் காட்டினாள். பிடுங்கிவிட்டார்கள். தட்டில் போட்டபோது பார்த்தாள், வெள்ளைவெளேர் என்று இருந்தது. இவ்வளவு நல்ல பல்லுக்குள்ளா இவ்வளவு கெடுதல் என்று ஆச்சரியப்பட்டாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் ஊசி இறங்கியது, மாத்திரையும் இறங்கியது, அதே வலி அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்தது. கெட்டுப்போனது கீழ்ப்பல். மறுவாரம் போய் அதையும் கொடுத்துவிட்டு வந்தாள். யாரைக் கேட்பது? நீதானே காட்டினாய் என்பார்கள். அவள்தானே காட்டினாள். விரலை நீட்டிக் காட்டியது அவள் விரல்தான். படித்தவர்கள் அவளைக் கேட்டார்கள், படிக்காதவள் சொன்னாள், அவர்கள் செய்தார்கள். எத்தனை அழகாகக் கைகழுவிவிட்டார்கள்! புருசன் ராத்திரி கேட்டான், "ஏன்டி, வலிக்கற பல்லு எதுன்னுகூடவா தெரியாது?" அன்றைக்கு அவள் அவனோடு போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. அவன் சொன்னது தப்பு என்பதற்காகச் சண்டை போடவில்லை, அவளும் அதையே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதற்காகத்தான் போட்டாள். அதனால்தான் இந்தத் தடவை மாத்திரை போடவில்லை. காலையில் முதல் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண் இருட்டிக்கொண்டு வர, வலி முழுசாகத் தெரிய வேண்டும் என்று அப்படியே கொண்டுவந்தாள். கம்பியால் தட்டியதும் அலறினாள். இடது பக்கம், கீழே, கடைசி. சந்தேகமே இல்லை. இந்தத் தடவை சரியாகக் காட்டிவிட்டாள். சரியாகக் காட்டியும் அதே குறடுதான்.

வலது பக்கம் அரைக்கிற பல் மேலும் கீழும் போய்விட்டது. இதுவும் போனால் இடது பக்கமும் சரியாக அரைக்காது. முன்பல்லால் எத்தனை நேரம் அணில் மாதிரி கொறிப்பது? கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிசம், கை கழுவ, தண்ணீர் பிடிக்க ஐந்து நிமிசம் போய்விடும். இந்த இரண்டு வருசமாக ஒரே பக்கம் மென்று மென்று, மீதியை அப்படியே விழுங்கி, மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வயிற்று வலிக்கு இதே ஆஸ்பத்திரியில் கலர் கலராக மாத்திரை கொடுக்கிறார்கள், கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். வயிற்றுக்குண்டு. இருதயத்துக்குண்டு, பக்கத்து மேஜை ருக்மணியின் மாமனாருக்கு இதே கார்டில் நெஞ்சைத் திறந்து மூடினார்கள். மூட்டுக்குண்டு, கண்ணுக்குண்டு. வாய் மட்டும் யாருடையது? மாசா மாசம் சம்பளத்தில் பிடிக்கும்போது வாயை ஒதுக்கிவிட்டா பிடிக்கிறார்கள்? அவள் மொத்த உடம்புக்கும் சேர்த்துத்தானே பிடிக்கிறார்கள்? எதிர்ச்சுவரில் பலகை மாட்டியிருந்தார்கள். பல் எடுத்தல், தினமும். பல் சுத்தம் செய்தல், இயந்திரம் பழுது. பல் அடைத்தல், மருந்து வந்ததும் தெரிவிக்கப்படும். அதற்குக் கீழே ஒரு பெண் சிரிப்பதுபோல் படம், வாய் முழுக்க முப்பத்திரண்டும். எந்த ஊர்க்காரி அவள்? எந்தக் கார்டு வைத்திருக்கிறாள்? பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக் ஒன்று இருக்கிறது, அங்கேயும் இதே மாதிரி படம்தான், அங்கே இந்தக் கார்டைக் காட்டினால் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண் சிரிக்காமல் "இது எடுத்துக்கறதில்லீங்க" என்பாள். நேற்று சாயங்காலம் அந்தக் கதவு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தாள். உள்ளே ஏ.சி.யில் ஒரு பையன் கம்பி போட்ட பல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் கோணலாக இருக்கிறதாம், நேராக்குகிறார்கள். நேராக்கட்டும், நல்லா இருக்கட்டும், பிள்ளை என்ன செய்தான். ஆனால் அவன் வீட்டில் பல்லை நேராக்குகிறார்கள், இவள் வீட்டில் பல்லைப் பிடுங்குகிறார்கள், இரண்டுக்கும் பல் வைத்தியம் என்றே பேர்.

சரஸ்வதி அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். கூடப் பிறந்தவள், ஏழு வயது மூத்தவள், இதே கார்டுதான், இதே பெஞ்சுதான். ஒன்று ஒன்றாகக் கொடுத்து, நாற்பத்தைந்து வயதில் வாய் காலி. பல்செட்டுக் கட்டிக்கொள் என்றார்கள், கட்டினாள், அது ஈறை அறுத்தது, கழற்றி டம்ளரில் போட்டுவிட்டாள். இப்போது ரசத்தில் கரைத்த சோறு, கரைத்த ராகி, கரைத்த எல்லாமும். போன ஆடி நோம்பிக்குக் கறி எடுத்து வறுத்தபோது அக்கா சமையற்கட்டுக்கு வந்து, "எனக்குக் கொளம்பு மட்டும் ஊத்துடி," என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அக்கா சிரிக்கும்போது சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோகிறாளே, அதைத் தாங்க முடியவில்லை. ஊரிலேயே பெருஞ்சிரிப்பு அவளுடையது. கிணற்றுமேட்டில் சிரித்தால் சாலையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது சிரிப்பு வந்தால் முதலில் கை வருகிறது. போட்டோ எடுக்கிறார்கள் என்றால் அக்கா பின்னால் போய் நிற்கிறாள். வசந்தாமணி கணக்குப் போட்டாள். ஐம்பத்தெட்டு வேண்டாம், நாற்பத்தைந்துக்கு இன்னும் ஏழு வருசம்தான் இருக்கிறது. அந்த டம்ளர் தனக்கும் எங்கேயோ கழுவி வைத்திருக்கிறது என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு இரு, எல்லாம் சரியாகும் என்று அம்மா சொல்வாள், எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள், மாமியார் கொடுமைக்கும் அதுதான், மழை பெய்யாததற்கும் அதுதான். கடித்துக் கடித்துத்தான் இந்தக் கதி.

நாச்சிமுத்து எழுந்து உள்ளே போனார். போகும்போதே வேட்டியைச் சரி செய்துகொண்டார், ஏதோ விருந்துக்குப் போவதுபோல. இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை, பஞ்சும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டார். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஒன்றுமில்லை, போ போ என்று. ஒன்றுமில்லைதான். இரண்டு நிமிசம். "அடுத்து வசந்தாமணி, மரத்துருச்சா?" என்றாள் நர்ஸம்மா. நன்றாக மரத்திருந்தது. தாடையைக் கழற்றிக்கொண்டு போனால்கூடத் தெரியாது. "இல்லீங்க," என்றாள் வசந்தாமணி. "இங்ங்க" என்பதுபோல் வந்தது. நர்ஸம்மா இடுப்பில் கை வைத்தாள். "பேச்சே கொளறுது. மரக்கலீங்கற?" "இங்ங்க," என்றாள் மறுபடியும், தலையை ஆட்டி. நர்ஸம்மாவுக்கு நேரமில்லை, அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எதற்குப் பொய் சொன்னோம் என்று வசந்தாமணிக்கே தெரியவில்லை. ஐந்து நிமிசம் கிடைத்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லெட்டர் கேட்க வேண்டும். பெரிய டாக்டர் அறை மாடியில். கேட்டால் என்ன சொல்வார்? கத்துவார். ஊசி போட்ட பிறகு ஓடிவந்தவள் என்று நாலு பேர் முன்னால் கத்துவார். வலி திரும்பி வரும். வலி திரும்பி வருமே! பதினோரு நாள் போதாதா? இன்னும் எத்தனை நாள்? உள்ளே போனால் இரண்டு நிமிசத்தில் எல்லாம் முடிந்தது, ராத்திரி தூக்கம், நாளைக்குக் கம்பெனி. எழுந்து நின்றாள். பல் அறைக்குத்தான் போகிறோம் என்று நினைத்தாள். கதவுக்குப் பக்கத்தில் போகும்போது உள்ளே தட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, டிங் என்று, சின்னதாக. யாருடையதோ. நல்லதோ கெட்டதோ. லெட்டர் கேட்டுப் பார்த்தார்களா? வசந்தாமணி கதவைத் தாண்டி நடந்தாள். படிக்கட்டில் ஏறும்போது ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஊசி இறங்க இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். பதினோரு நாளில் வலியில்லாமல் யாரோடாவது பேச அவளுக்குக் கிடைத்திருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். அவர்களே போட்டுவிட்ட ஊசி. வலியோடு வந்தவர்கள் எல்லாம் கெஞ்சினார்கள். அவள் கெஞ்ச வேண்டியதில்லை.

பெரிய டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். நின்றாள். உள்ளே விட்டபோது அவர் தலையைத் தூக்காமல் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார், மேஜைமேல் இன்னும் பத்துப் பதினைந்து கோப்பு. களைத்த முகம். "என்னம்மா?" என்றார். அவள் சொன்னாள். "என்ன சொல்ற, புரியல." மறுபடியும் சொன்னாள். வாயின் ஒரு பக்கம் எச்சில் ஒழுகியது, துடைத்துக்கொண்டாள். "ஊசி போட்டாச்சா? அப்ப இங்க எதுக்கு வந்த? கீழ போய்ப் பல்ல எடுத்துக்க, போ." அவர் மேஜையிலிருந்த பேனாவை அவள் எடுத்தாள். கேட்காமல் எடுத்தாள். தன் சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதினாள். பிடுங்க வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் வேண்டும். அவர் படித்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னா உனக்கு? கீழ யாராவது சொன்னாங்களா?" அந்தப் பெண்ணின் மூச்சுக்காற்று இன்னும் காதில் இருந்தது. வசந்தாமணி தலையை ஆட்டினாள், இல்லை என்று. எழுதினாள், எனக்கே தெரியும். "தெரியுமா? அங்க தேதி கெடைக்கவே மூணு நாலு மாசம் ஆகும், அது தெரியுமா? அதுவரைக்கும் வலில துடிப்ப. வீங்கும், சீழ் வைக்கும், அப்பறம் இங்கதான் ஓடி வருவ. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதுதான் கொடுமை, அவர் முகத்தில் பொய் இல்லை. நாலு மாசம் என்று யார் வைத்தது, அதையும் நல்லதுக்குத்தான் வைத்தார்களா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அதை எழுத இடம் போதாது. அவள் சீட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள், அவ்வளவுதான். தள்ளிவிட்டு நின்றாள்.

அவர் பெருமூச்சு விட்டார். இழுப்பறையைத் திறந்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கென்று அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். அப்படியானால் தாள் இருந்திருக்கிறது, கட்டுக்கட்டாக, மேல் தாளில் தூசி படியும் அளவுக்கு நாளாக. மளமளவென்று எழுதிவிட்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடு," என்று திருப்பிக் காட்டினார். வசந்தாமணி இந்தத் தடவை படித்துவிட்டுப் போடலாம் என்று குனிந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, எழுத்து மிதக்கவில்லை. நோயாளி சிகிச்சை பெற மறுத்துவிட்டார், என்று கடைசி வரியில் இருந்தது. மறுபடியும் படித்தாள். சிகிச்சை பெற மறுத்துவிட்டார். சிகிச்சை கேட்டு மாடி ஏறி வந்து ஒரு மணி நேரம் நின்றவளைப் பற்றி எழுதியிருக்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால், கொடுத்தோம், அவள்தான் வேண்டாம் என்றாள் என்பார்கள். மறுபடியும் அவள்தான் காட்டினாள், அவள்தான் சொன்னாள், அவள்தான் மறுத்தாள். காதுமடல் சுட்டது, மரத்துப்போன பக்கத்திலும் சுட்டது. பேனாவை அழுத்திப் பிடித்து, 'சிகிச்சை பெற' என்பதன்மேல் ஒரு கோடு போட்டாள். தாள் கிழிகிற மாதிரி இன்னொரு கோடு. அதற்கு மேலே எழுதினாள், பல்லைப் பிடுங்க. நோயாளி பல்லைப் பிடுங்க மறுத்துவிட்டார். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள். டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே இன்னும் ஆட்கள் நின்றார்கள். தாளை அவள் பக்கம் தள்ளி, "கீழ ஆபீஸ்ல சீல் வாங்கிக்க," என்றார்.

ஆபீஸில் சீல் வைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டரைக்குத்தான் வருவார் என்றார்கள். வசந்தாமணி அவருடைய மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, லெட்டரை மடியில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டாள். பல் பிரிவு நர்ஸம்மா டிபன்பாக்ஸோடு அந்தப் பக்கம் வந்தவள் இவளைப் பார்த்து நின்றுவிட்டாள். "நீயா? உன்ன எங்கெல்லாம் தேடறது? எடுக்காமயே போயிட்டியா? ஊசி எறங்குனா தெரியும் பாரு, அலறப் போற." அதற்குள் வசந்தாமணிக்குக் கீழுதட்டின் ஓரத்தில் குறுகுறுவென்று ஊரத் தொடங்கியிருந்தது. பிறகு நாக்கு முழுசாக வந்தது. பிறகு, ரொம்ப தூரத்தில், யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு இடி. இன்னொன்று. பையில் வலி மாத்திரை இல்லை, அவள்தான் வேண்டாம் என்று வாங்காமல் வந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. "ரெண்டரைக்குத்தானுங்களே வருவாரு?" என்று கேட்டாள். வார்த்தை சுத்தமாக வந்தது. "ஆமா, எதுக்கு?" என்றாள் நர்ஸம்மா. "இருக்கறனுங்க," என்றாள் வசந்தாமணி.